மடிக்கணினி: இலேசானதா, வலிமை மிக்கதா?

மும்பை மாநகரின் கிழக்குப் புறநகராகிய செம்பூரில் துறைமுக இரயில் பாதையில் ஏறிப் பன்வேல் நோக்கிச் சென்றால், அடுத்து வருவது கோவண்டி நிலையம். அதற்கு அண்மையில், தேவனார்ப் பகுதியில், சர்வதேச மக்கள்தொகை விஞ்ஞான நிறுவனம் அமைந்துள்ளது. 1956-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம், ஐக்கிய நாடுகள் சபை, சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளை ஆகிய மூன்றின் கூட்டு முயற்சியால் தோன்றிய இந்நிறுவனம், நாட்டு மக்களின் குடும்ப நலம் பற்றிய பெரிய ஆய்வுகளை நடத்தி வருகிறது. குழந்தைகளில் எத்தனை பேர் தடுப்பூசி பெற்றனர், தாய்மார்களில் எத்தனை பேருக்கு இரத்த சோகை உள்ளது என்பன போன்ற வினாக்களுக்கு விடை காண, கள ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று கேட்டறிகின்றனர்.

2005-06-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற மூன்றாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் 1,09,041 குடும்பங்களைப் பற்றிய விவரங்கள் அச்சிட்ட படிவங்களில் எழுதப்பெற்றன. பின்னர் அப்படிவங்களைப் பார்த்து விவரங்களைக் கணினியில் ஏற்ற வேண்டியிருந்தது. 2015-16-ஆம் ஆண்டுகளின் நான்காவது ஆய்வில் குடும்பங்களின் எண்ணிக்கை 6,01,509 ஆக உயர்ந்தது. 6,99,686 பெண்களும் 1,12,122 ஆண்களும் வினவப்பெற்றனர். இம்முறை காகிதப் படிவத்திற்குப் பதிலாகச் சிறிய நோட்டுப்புத்தகக் கணினி ஊழியரின் கைக்கு வந்தது. வினாக்கள் 17 மொழிகளில் கேட்கப்பெற்றன. விடைகளைக் கணினியிலேயே பதியும் முறையில், பிறந்த ஆண்டுக்கும் வயதுக்கும் பொருத்தமில்லையெனில் அப்பிழையை வீட்டு வாசலை விட்டு அகலுமுன்பே திருத்திக்கொள்ள இயலும்.

அவ்வாய்வுக் குழுவினர் எடை இயந்திரம், உயரம் அளக்கும் பலகை, இரத்த அழுத்தமானி, இரத்தத் துளியைச் சோதிக்கும் கருவிகள் ஆகியவற்றையும் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. இச்சுமையோடு சேரும் கணினி சிறியதாக இருந்தது பொருத்தமே. எனினும், ஏழு இலட்சம் பெண்களின் விடைகளை ஒருங்கு சேர்த்து, மாவட்டந்தோறும் அட்டவணை வகுப்பது அச்சிறு கணினிக்குரிய வேலையன்று. அதற்கு அலுவலகத்தில் வலிமை மிக்க இயந்திரம் வேண்டும். ஆய்வு ஒன்றே, ஆயினும் அதனுள் அடங்கிய பணிகள் இரு வகைப்பட்டவை. இலேசான மடிக்கணினியை வாங்குவதா, தொழில்முறைப் பணிக்கென அமைந்த கனத்த மடிக்கணினியை வாங்குவதா என்று தயங்கும் ஆசிரியரும் கள ஊழியரும் முதலில் மனத்திற் கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

இப்போது ஏன் இந்தக் கேள்வி?

விண்டோஸ் 10 என்னும் இயக்க முறைமைக்கு அதன் தயாரிப்பாளர் அளித்து வந்த பொதுவான ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவுற்றது. பழைய கணினிகள் பலவற்றில் அதற்கு அடுத்த பதிப்பை நிறுவ இயலாது. ஆதலால் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கணினிகளை மாற்ற வேண்டிய தேவை எழுந்துள்ளது. மற்றொரு புறம், 2023-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து புதிய செயலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இன்டெல் நிறுவனத்தின் கோர் அல்ட்ரா, ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் ஏஐ, குவால்காம் நிறுவனத்தின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

கடைக்குச் செல்லும் ஆசிரியர் இப்பெயர்களைக் கண்டு மயங்குவது இயல்பே. ஆனால் அவர் செலவிடும் தொகை சிறிதன்று. சிலருக்கு அது இரண்டு மூன்று மாதச் சம்பளம். பள்ளிக்கு ஒதுக்கப்படும் தொகையோ பல ஆண்டுகளுக்கு ஒரு முறையே கிடைப்பது. தேவைக்கு மிஞ்சிய கனமான கணினியை வாங்கிய ஊழியர், அதைச் சுமக்க இயலாமல் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, மீண்டும் காகிதத்தில் குறிப்பெடுக்கத் தொடங்குகிறார். தேவைக்குக் குறைந்த கணினியை வாங்கியவர் ஒவ்வொரு மாலையும் அதன்முன் காத்துக்கிடக்கிறார். இவ்விரு தவறுகளும் ஐந்தாறு ஆண்டுகள் உடனிருந்து வருத்தும்.

ஒரே செயலி, இரண்டு உடல்கள்

செயலியின் பெயரைக் கொண்டே கணினியை மதிப்பிடலாம் என்பது பலருடைய எண்ணம். அது முழுவதும் சரியன்று என்பதற்குத் தெளிவான உதாரணம் ஒன்று உண்டு. ஆப்பிள் நிறுவனம் தனது எம்4 என்னும் செயலியை 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் 14 அங்குல மாக்புக் ப்ரோ கணினியில் வெளியிட்டது. 2025-ஆம் ஆண்டு மார்ச்சில் அதே செயலியை 13 அங்குல மாக்புக் ஏர் கணினியில் அமைத்தது. முன்னதன் எடை 1.55 கிலோ, பின்னதன் எடை 1.24 கிலோ. முன்னதில் மின்கலத்தின் கொள்ளளவு 72.4 வாட்-மணி, பின்னதில் 53.8 வாட்-மணி. எல்லாவற்றிலும் முக்கியமான வேறுபாடு யாதெனில், முன்னதில் விசிறி உண்டு, பின்னதில் இல்லை.

கடிதம் எழுதும்போதும், மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும்போதும், பாடப் படங்களைத் திரையில் காட்டும்போதும் இவ்விரண்டிற்கும் வேறுபாடு புலப்படாது. ஆனால் ஒரு மணி நேர வகுப்பின் காணொலியைத் தொகுத்துச் சேமிப்பது போன்ற இடைவிடாத வேலையைக் கொடுத்தால், முதற் சில நிமிடங்கள் இரண்டும் ஒத்த வேகத்தில் செல்லும். பின்னர் விசிறியற்ற கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறியுள்ள கணினி பெரும்பாலும் அதே வேகத்தில் தொடரும். செயலி ஒன்றேயாயினும் உடல் வேறானதால் விளைவும் வேறாகின்றது.

வெப்பமே அடிப்படை

செயலிக்குள் செல்லும் மின்சாரம் அநேகமாக முழுவதும் வெப்பமாகவே முடிகின்றது. அவ்வெப்பம் வெளியேறாவிடில் செயலி கெட்டுவிடும். ஆதலால் அளவுக்கு மீறிச் சூடேறும்போது, செயலி தன் துடிப்பு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பெற்றுள்ளது. ஒரு கணினி நெடுநேரம் எவ்வளவு வேகமாக உழைக்கும் என்பது, அதன் உடல் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பதைப் பொறுத்தது.

நமது தட்பவெப்பநிலையில் இது மேலும் கவனிக்கத்தக்கது. ஒரு பொருளிலிருந்து காற்றுக்குச் செல்லும் வெப்பம், அவ்விரண்டின் வெப்பநிலை வேறுபாட்டிற்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். மடியில் வைக்கும் கணினியின் வெளிப்புறம் 45 டிகிரி செல்ஸியஸுக்கு மேற்படலாகாது என்று வைத்துக்கொள்வோம். குளிரூட்டப்பெற்ற கடையில் காற்றின் வெப்பநிலை 25 டிகிரியாயின் வேறுபாடு 20 டிகிரி. விசிறி சுழலாத வகுப்பறையில் மே மாதத்து வெப்பநிலை 35 டிகிரியாயின் வேறுபாடு 10 டிகிரியே. எனவே, விசிறியற்ற கணினி கடையில் வெளியேற்றிய வெப்பத்தில் ஏறக்குறையப் பாதியையே வகுப்பறையில் வெளியேற்ற முடியும். குளிர்ந்த அறையில் எடுக்கப்பெற்ற வேகக் கணக்குகளை நம்பி வாங்குவோர் ஏமாற்றமடைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயினும், இலேசான கணினி நாம் அஞ்சுமளவு பின்தங்கிவிடுவதில்லை. செயலியில் செலவாகும் மின்திறன், துடிப்பு வேகத்தையும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பெருக்கினால் வரும் தொகைக்கு ஏற்ப அமைகின்றது. வேகம் குறைந்தால் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம். இரண்டையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், மின்திறன் 0.8-இன் முப்படி அளவாக, அதாவது ஏறத்தாழ 0.51 ஆகக் குறையும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழந்தால் வெப்பத்தில் பாதி நீங்குகிறது. இதையே மறுபுறமாகப் பார்த்தால், கடைசிச் சிறு வேகத்தைப் பெறுவதற்காகவே கனமான கணினி மிகுதியான மின்சாரத்தையும் பெரிய விசிறிகளையும் வேண்டி நிற்கின்றது என்பது விளங்கும்.

மின்கலத்தின் கணக்கும் இவ்வாறே. 50 வாட்-மணி கொள்ளளவுள்ள மின்கலம், கணினி 5 வாட் செலவிடும்போது 10 மணி நேரம் தாங்கும். 25 வாட் செலவிட்டால் 2 மணி நேரமே தாங்கும். விளம்பரத்தில் காணும் நேரம், இலேசான வேலையைக் கொண்டு அளந்தது என்பதை மறத்தலாகாது.

மும்பையின் முன் அனுபவம்

வெப்பத்தோடு போராடுவது கணினித் துறைக்குப் புதிதன்று. மும்பைக் கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த டிஃப்ராக் என்னும் கணினி 1960-ஆம் ஆண்டில் பணி தொடங்கியது. அதில் சுமார் 2,700 வெற்றிடக் குழாய்களும், 1,700 ஜெர்மானியம் டையோடுகளும், 12,500 மின்தடைகளும் இருந்தன. அவற்றைத் தாங்கிய எஃகுச் சட்டத்தின் நீளம் 18 அடி. நினைவகமோ 2,048 சொற்களே கொண்டது. வெற்றிடக் குழாய் ஒவ்வொன்றும் உள்ளே சூடேறிய கம்பியைக் கொண்டே இயங்குவது. ஆதலால் அக்காலக் கணினிகளில் கணக்கிடும் சாதனங்களுக்கு இணையாகக் குளிரூட்டும் சாதனங்களும் இன்றியமையாதவையாக இருந்தன.

செம்பூரை அடுத்த டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் வேறொரு வழியையும் காட்டியது. கடுமையான கணக்குகளுக்கென 1990-களின் தொடக்கத்தில் அம்மையம் அனுபம் என்னும் மீக்கணினி வரிசையை உருவாக்கியது. தனித்ததொரு மாபெரும் செயலியைத் தேடாமல், சந்தையில் கிடைத்த இன்டெல் ஐ860 செயலிகள் சிலவற்றை இணைத்து, ஒரு வேலையைப் பலவாகப் பகிர்ந்து செய்யும்படி அது அமைக்கப்பெற்றது. பின்னர் வந்தவற்றில் செயலிகளின் எண்ணிக்கை பெருகியது. இதிலிருந்து சாதாரண அலுவலகமும் ஒரு பாடம் பெறலாம். கடுமையான கணக்கு உள்ளதென்பதற்காக ஊழியர் ஒவ்வொருவரின் மடியிலும் கனமான கணினி இருக்க வேண்டுவதில்லை. வலிமை மிக்க இயந்திரம் ஒன்றை அனைவரும் முறைவைத்துப் பயன்படுத்தலாம்.

செயலியின் பெயரைப் படிக்கும் முறை

புதிய செயலிகளின் பெயரில் எண்ணைக் காட்டிலும் இறுதி எழுத்தே அதிகம் பேசுகிறது. இன்டெல் கோர் அல்ட்ரா இரண்டாம் வரிசையில் 'வி' என்று முடிபவை இலேசான கணினிகளுக்கென அமைந்தவை. அவற்றுள் பெரும்பாலானவற்றின் அடிப்படை மின்திறன் 17 வாட், உச்ச அளவு 37 வாட். 'எச்' என்று முடிபவை தொழில்முறைக் கணினிகளுக்குரியவை. அவற்றின் அடிப்படை மின்திறன் 28 முதல் 45 வாட் வரை, உச்ச அளவு 115 வாட். 'எச்எக்ஸ்' என்று முடிபவை இன்னும் கனமான கணினிகளுக்குரியவை. உச்ச அளவு என்பது சிறிது நேரத்திற்கே உரியது என்பதையும், அதைப் பயன்படுத்தக் கணினியின் உடல் இடந்தர வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மேலும் மூன்று குறிப்புகள் இங்கே பயன்படும். முதலாவது நினைவகம் பற்றியது. 'வி' வகைச் செயலிகளில் நினைவகம் செயலியோடு ஒரே தொகுப்பில் அமைந்துள்ளது. ஆப்பிள் கணினிகளிலும் அவ்வாறே. வாங்கிய பின்னர் அதைக் கூட்டவியலாது. எனவே இத்தகைய கணினியை வாங்குவோர் தொடக்கத்திலேயே 16 ஜிகாபைட்டுக்குக் குறையாமல் கேட்டுப் பெறுதல் நலம்.

இரண்டாவது, ஸ்னாப்டிராகன் எக்ஸ் பற்றியது. இது ஆர்ம் என்னும் வேறு வகைக் கட்டமைப்பைச் சேர்ந்தது. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுவது இதன் சிறப்பு. பழைய மென்பொருள்கள் பலவற்றை இது மொழிபெயர்ப்பு முறையில் இயக்கிவிடும். ஆனால் அச்சுப்பொறி, கைரேகைக் கருவி போன்றவற்றை இயக்கும் டிரைவர் மென்பொருள் இக்கட்டமைப்புக்கென்றே எழுதப்பெற்றிருக்க வேண்டும். இல்லையேல் கருவி இயங்காது. அலுவலகக் கருவிகளைக் கணினியோடு இணைத்துப் பயன்படுத்தும் கள ஊழியர் இதை முன்னதாகவே சோதித்தறிய வேண்டும்.

மூன்றாவது, செயற்கை நுண்ணறிவுப் பணிகளுக்கென அமைந்த தனிப் பகுதி பற்றியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் கோபைலட் பிளஸ் என்னும் பெயருக்கு, அப்பகுதி விநாடிக்கு 40 இலட்சம் கோடி கணக்குகள் செய்ய வேண்டும் என்றும், 16 ஜிகாபைட் நினைவகம் இருக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. பேச்சை எழுத்தாக்குதல், படத்தைச் சீராக்குதல் போன்ற வேலைகளில் இப்பகுதி மின்சாரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அதைப் பயன்படுத்தும் மென்பொருள் ஊழியரிடம் இல்லையெனில் அது வாளாவிருக்கும். அதற்கென மட்டும் கூடுதல் விலை கொடுப்பது சிக்கனமன்று.

எவருக்கு எது?

வீடு வீடாகச் சென்று விவரம் திரட்டுவோர், பல பள்ளிகளைப் பார்வையிடுவோர், நாள்தோறும் இரயிலிலும் பேருந்திலும் நின்றுகொண்டே பயணம் செய்யும் ஆசிரியர் ஆகியோருக்கு இலேசான கணினியே ஏற்றது. இவர்களுடைய வேலையில் செயலி சில விநாடிகள் விரைந்து உழைத்துப் பின்னர் ஓய்ந்திருக்கும். சூடேறுவதற்கு முன்பே வேலை முடிந்துவிடும். கணினியோடு சார்ஜரின் எடையையும் சேர்த்தே நிறுத்துப் பார்த்தல் வேண்டும். இலேசான கணினிகள் பலவற்றைக் கைப்பேசியின் சார்ஜரைப் போன்ற சிறிய சாதனத்தாலேயே மின்னேற்றலாம். கனமான கணினியின் சார்ஜரே சில வேளை அரைக் கிலோ எடையிருக்கும்.

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலப்படம் வரைவோர், பெரிய ஆய்வுகளின் புள்ளிவிவரங்களைப் பகுப்போர், பாடக் காணொலிகளை நாள்தோறும் தொகுப்போர், பொறியியல் வரைபடம் கற்பிப்போர் ஆகியோருக்குத் தொழில்முறைக் கணினி தேவை. இவர்களுடைய வேலை அரை மணி, ஒரு மணி என்று இடைவிடாது நடைபெறுவது. விசிறியும் பெரிய திரையும் மிகுந்த நினைவகமும் இவர்களுக்கு ஆடம்பரமல்ல. நேரத்தை மீட்டுத் தருபவை.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் கடுமையான வேலை உள்ளவர்களே இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவர்கள். இவர்களில் பெரும்பாலோர் அந்த ஒரு நாளை எண்ணிக் கனமான கணினியை வாங்கி, மற்ற ஆறு நாளும் சுமக்கின்றனர். இலேசான கணினியில் அவ்வேலை சிறிது தாமதமாக முடியுமேயன்றி முடியாமற் போவதில்லை. இரவில் தொடங்கி வைத்துவிட்டு உறங்கினால் காலையில் முடிந்திருக்கும். அல்லது அலுவலகப் பொதுக் கணினியிற் செய்துகொள்ளலாம்.

வாங்குமுன் சில சோதனைகள்

கடையில் ஐந்து நிமிடம் தொட்டுப் பார்ப்பதால் உண்மை புலப்படாது. தம்முடைய வேலையையே ஒரு சிறு நினைவுப் பேழையில் எடுத்துச் சென்று இயக்கிப் பார்த்தல் சிறந்தது. ஒரே காணொலியை அல்லது ஒரே கணக்கை அடுத்தடுத்து மூன்று முறை செய்யச் சொல்லி, ஒவ்வொரு முறையும் ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் வேறுபாடு சிறிதாயின் அக்கணினியின் உடல் வெப்பத்தைத் தாங்குகிறது என்று கொள்ளலாம். மூன்றாம் முறையின் நேரமே அதன் உண்மையான வேகம்.

திரையை வெயில் படும் சன்னலருகே வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்துக்களைத் தட்டச்சுச் செய்து பார்க்க வேண்டும். பள்ளியிலுள்ள புரொஜெக்டரை இணைக்கும் வாயில் கணினியிலேயே உள்ளதா, தனி இணைப்பான் வாங்க வேண்டுமா என்று கேட்டறிய வேண்டும். இராணுவத் தரச் சோதனை 810-இல் தேறியது என்னும் வாசகத்தைக் கண்டு, அது நீரில் விழுந்தாலும் கெடாது என்று எண்ணிவிடலாகாது. எந்தெந்தச் சோதனைகளைச் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்துகொள்ளலாம். ஆதலால் பட்டியலைக் கேட்டுப் பார்ப்பது முறை. மின்கலத்தை மாற்ற ஆகும் செலவையும், பழுது பார்க்கும் நிலையம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

செம்பூர் போன்ற கடலோரப் பகுதிகளில் மழைக்காலத்தில் மற்றொரு எச்சரிக்கையும் தேவை. குளிரூட்டப்பெற்ற அறையிலிருந்து ஈரம் நிறைந்த வெளிக்காற்றிற்குக் கொண்டுவரும் கணினியின்மேல் நீர்த்துளிகள் படியக்கூடும். அதை உறையிலேயே சற்று நேரம் வைத்திருந்து, வெளி வெப்பநிலையை அடைந்த பின்னர் இயக்குவது பாதுகாப்பானது. பயிற்சி முகாமுக்காக மாவட்டத் தலைநகரின் குளிர்ந்த அரங்கிற்குச் செல்லும் ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும்.

கணினியைத் தேர்ந்தெடுப்பவர் கடைக்குச் செல்லுமுன் ஒரு வாரம் தம் வேலையைக் குறித்து வைப்பாராயின் பாதி ஐயம் தீர்ந்துவிடும். எத்தனை மணி நேரம் மின்சார இணைப்பின்றி உழைத்தார், எவ்வளவு தொலைவு சுமந்து சென்றார், பத்து நிமிடத்திற்கு மேல் இடைவிடாது நடைபெற்ற கணக்கு எத்தனை முறை வந்தது என்னும் மூன்று குறிப்புகள் போதும். மூன்றாவது விடை மிகச் சிறிதாயின் இலேசான கணினியை ஐயமின்றி வாங்கலாம். அது பெரிதாயின் கனத்தைப் பொறுத்துக்கொள்வதே முறை. தேவனாரிலிருந்து நடத்தப்பெற்ற ஆய்வில் கள ஊழியர் கையில் இருந்தது சிறிய கணினியே. ஆயினும் ஏழு இலட்சம் பெண்களின் விடைகள் அவ்வழியாகவே நாட்டின் கணக்கில் சேர்ந்தன.